தங்கை என்று எழுதப்பட்டவள்

நூரிஸ் எஸ்பித்தியா எங்கள் தெருமுனையில் முப்பத்தொரு வருடம் காலைப் பலகாரம் பொரித்து விற்றாள். மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிசைந்து உள்ளே இறைச்சி வைத்துப் பொரிக்கிற கரிமனோலா, முட்டை உடைத்து ஊற்றிய அரேப்பா என்கிற சோள அடை, தொட்டுக்கொள்ளப் புளித்த பாலேடு. லொரீகா சந்தைக்கு ஆற்று வழியாக வருகிறவர்கள் படகை விட்டு இறங்கியதும் முதலில் நிற்கிற இடம் அவள் அடுப்புதான். எண்ணெயை இரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டாள். நேற்றுப் பொரித்ததா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஒரு லாரி ஓட்டுநர் இரண்டு வருடம் தினமும் ஆறு கரிமனோலா தின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். அவன் உடம்பு பெருத்ததுதான் மிச்சம்.

அவளும் அவளுடைய அக்கா ஓதிலியாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஓதிலியா பள்ளிச் சீருடை தைப்பவள். அக்கா என்றுதான் அடையாள அட்டை சொன்னது. இரண்டு அட்டையிலும் அதே அப்பா, அதே அம்மா பெத்ரோனா. இருவருக்கும் இடையில் பதினாறு வயது வித்தியாசம். தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். ஓதிலியாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளைக் கடற்கரைப் பக்கம் ஒரு அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வாரம் பெத்ரோனா வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு நடமாடத் தொடங்கினாள். எட்டுப் பெற்று ஓய்ந்த உடம்பு, நாற்பத்தாறு வயது. கணக்கில் அவள் கெட்டிக்காரி இல்லை. அந்தக் கர்ப்பம் பதினோரு மாதம் ஓடியது என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பாள். பிறந்த பெண்ணைத் தன் ஒன்பதாவது பிள்ளை என்று பெத்ரோனா பதிவு செய்தாள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. தெருவுக்கு ஒரு கடைசிப் பிள்ளை அப்படி இருக்கும். எல்லோருக்கும் தெரிந்திருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

நூரிஸுக்குத் தெரிந்தது பதிமூன்று வயதில், ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது வந்த சண்டையில். "உன் அக்கா உன்னைப் பெத்த அழகைப் பாருடி" என்றாள் ஒருத்தி. நூரிஸ் துணியைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஓதிலியா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நூரிஸ் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாற்பத்தைந்து வருடமும் கேட்கவில்லை. ஓதிலியாவும் சொல்லவில்லை. அவள் படகோட்டி செபஸ்தியானைக் கட்டிக்கொண்டு ஹைரோ என்ற மகனைப் பெற்றாள். ஹைரோ நூரிஸைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தான். பெரியவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஹைரோ சிலே நாட்டில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனான். மிஞ்சிய இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் அக்கா, தங்கச்சி என்றே கூப்பிட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். ஹைரோவுக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்குள் இருப்பவன் காதுக்கு ஊர்ப் பேச்சு கடைசியில்தான் எட்டும்.

ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்கு, நூரிஸ் எண்ணெய்க் கையோடு என் வீட்டு வாசலில் நின்றாள். நான் லொரீகா ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் துணைத் தாதியாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு, படுக்கையில் விழுந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

"மாபெலக்கா, அக்கா விழுந்துட்டா."

"எப்போ?"

"இப்பதான். இல்ல, தெரியல. மிஷின் சத்தம் நின்னுது. நூல் மாத்தறான்னு நினைச்சேன்."

போய்ப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை செத்துக் கிடந்தது. கண் திறந்திருந்தாலும் பார்வை எங்கேயும் நிற்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாயில் தண்ணீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டுக்காரியை விரட்டினேன், ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். லொரீகாவில் பார்த்துவிட்டு உடனே மொந்தெரீயாவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூளைக்குள் ரத்தக் கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவு, தொண்டையில் குழாய், மயக்க மருந்து.

சேர்க்கை ஜன்னலில் ஒரு இளம்பெண் இருந்தாள். நகங்களில் பூ வரைந்திருந்தாள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

நூரிஸ் அட்டையை நீட்டினாள். "தங்கச்சி."

"வீட்டுக்காரர்?"

"செத்துட்டாரு."

"பிள்ளைங்க?"

நூரிஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பையன். சிலேல இருக்கான்."

"அப்ப அவரு நம்பர் சொல்லுங்க. தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும்."

"நான்தானேம்மா கூட இருக்கேன். அவ என்ன மாத்திரை சாப்பிடறா, என்ன சேராது, எல்லாம் எனக்குத்தான் தெரியும்."

"அதை நீங்க எங்களுக்குச் சொல்லலாம். நாங்க உங்களுக்குச் சொல்ல முடியாது. இவங்ககிட்ட சொல்லுங்கன்னு நோயாளி வாயால சொன்னா சரி. அவங்களால முடியலன்னா வீட்டுக்காரர், பிள்ளை, பெத்தவங்க. அதுவும் பதிவுச் சான்றிதழோட. தங்கச்சி அந்த லிஸ்ட்ல இல்ல."

"லிஸ்ட்டை யாரு போட்டது?"

"நான் போடலம்மா. நான் போட்டிருந்தா முதல்ல என் மாமியாரைத் தூக்கியிருப்பேன்."

அந்த விதி கெட்டதில்லை. விதி இல்லாத காலத்திலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு வார்டில் ஒருவருக்கு என்ன நோய் என்று சொன்னால் பதினோரு மணிக்கு அது மீன் சந்தையில் கிடக்கும். ஒரு பெண்ணின் கல்யாணம் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விதி அட்டையைத்தான் படிக்கும். அட்டையில் பெத்ரோனாவின் பொய் இருந்தது.

காலை பதினோரு மணிக்குக் கதவு திறக்கும். டாக்டர் காகிதத்தோடு வந்து நின்று நோயாளியின் பெயரைச் சொல்வார். குடும்பத்தார் எழுந்து போவார்கள். சிலர் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள், சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஓதிலியா எஸ்பித்தியா என்றதும் நூரிஸ் போனாள்.

"மகளா?" என்றார் டாக்டர். முப்பது வயதுப் பெண், தூங்கி எத்தனை நாளோ.

"தங்கச்சி."

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "மகன்கிட்ட போன்ல பேசிடறேன். இப்போதைக்கு அதே நிலைதான்."

"அதே நிலைன்னா எந்த நிலைங்க?"

"நேத்து இருந்த நிலை."

"நேத்து எந்த நிலைன்னும் யாரும் சொல்லலையே."

டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவர் தப்பு செய்யவில்லை. தோளைத் தொட்டதே அதிகம்.

மத்தியானம் கால் மணி நேரம் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். செவ்வாயும் புதனும் நூரிஸ் போனாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். கண்ணால் பார்த்ததை எனக்குச் சொல்வாள். குழாய் இருக்கு, பை தொங்குது, மூஞ்சி வீங்கியிருக்கு. நான் கேட்பதற்கு அவளுக்குப் பதில் தெரியாது. என்ன மருந்து ஏறுகிறது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கசிவு எவ்வளவு. அதெல்லாம் காகிதத்தில் இருந்தது.

புதன்கிழமை காத்திருப்பு அறையில் நான் பேச்சை எடுத்தேன். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம்.

"நூரிஸ், மகள்னு சொல்லு."

அவள் கரண்டி நின்றது. இத்தனை வருடத்தில் அவள் முகத்துக்கு நேராக யாரும் அதைச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன், அந்த ஆற்றங்கரைக்காரியைத் தவிர.

"எந்தப் பேப்பரைக் காட்டுவேன்?" என்றாள்.

"பேப்பர் அப்புறம். முதல்ல டாக்டர்கிட்ட வாயால சொல்லு. சமூக சேவகி ஒருத்தி இருக்கா, அவகிட்ட சொல்லலாம். நான் சாட்சி சொல்றேன். தெருவே சொல்லும்."

"தெரு சொல்லும். அதுக்காகத்தானே அவ அம்பத்தெட்டு வருஷம் தலை நிமிர்ந்து நடந்தா."

"அவளால இனிமே சொல்ல முடியாது."

"அதனாலதான் மாபெலக்கா. வாய் இருக்கறப்போ சொல்லலாம், அவ ஆமாங்கலாம், இல்லங்கலாம், என்னை அறையலாம். இப்ப அவ படுத்துக்கிட்டிருக்கா. படுத்திருக்கறவ மேல நான் எதை வேணாலும் எழுதிட முடியுமா?"

நோயாளியின் ரகசியம் நோயாளியுடையது என்று முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவள் நான். அவள் அதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னாள்.

வியாழக்கிழமை ஹைரோ வந்து சேர்ந்தான். நாற்பத்தாறு வயது, பருத்த உடம்பு, குளிர் நாட்டு ஜாக்கெட்டைக் கழற்ற மறந்து வேர்த்துக்கொண்டிருந்தான். நூரிஸைக் கட்டிக்கொண்டு அழுதான். "சித்தி, நீங்க இல்லன்னா அம்மா அன்னிக்கே போயிருப்பாங்க." நல்ல பையன். அவனைக் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அன்றைய கால் மணி நேரம் அவனுக்குப் போனது. மறுநாள் இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நூரிஸ் வெளியே வந்து சொன்னாள்: "கையைக் கிள்ளினா அவ கை ரெண்டும் நேரா நீட்டிக்கிட்டு வெளிப்பக்கமா திருகுது. அது நல்லதா? அசையறாளே."

"நல்லதில்ல" என்றேன்.

"டாக்டர் சொல்லட்டும்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வேறொன்று நடந்திருந்தது. பதினோரு மணிக்கு டாக்டர் ஹைரோவைக் கூப்பிட்டார். அவன் "சித்தியும் வரட்டும்" என்றான். மகன் கேட்டதால் விட்டார்கள். நானும் பின்னால் போய் நின்றேன், யாரும் தடுக்கவில்லை. டாக்டர் கையில் லொரீகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழைய கோப்பின் நகல் இருந்தது.

"சில முடிவுகள் எடுக்க வேண்டி வரும்" என்றார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இதுல ரெண்டு பிரசவம், ரெண்டும் உயிரோட இருக்குன்னு எழுதியிருக்கு. எங்ககிட்ட ஒரு பிள்ளை நம்பர்தான் இருக்கு. இன்னொரு பிள்ளை யாரு? அவங்களுக்கும் தெரியணும்."

"நான் ஒரே பிள்ளை" என்றான் ஹைரோ.

"கர்ப்பப்பை ஆபரேஷனப்போ நோயாளியே சொல்லி எழுதினது. இருபத்தெட்டு வருஷம் முன்னாடி."

ஹைரோ நூரிஸைப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். எனக்கு அந்த எழுத்து அங்கிருந்தே தெரிந்தது.

"அது செத்துப்போச்சு டாக்டர்" என்றாள் நூரிஸ். "பின்னாடி செத்துப்போச்சு."

டாக்டர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

"சித்தி, எனக்கு ஒரு அண்ணனா?"

"பொண்ணு. உங்க அப்பாவைக் கட்டறதுக்கு முன்னாடி. இப்ப எதுக்கு அது, டாக்டர் சொல்றதைக் கேளு."

அதன்பின் டாக்டர் பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மீதியைச் சனிக்கிழமை மகனோடு தனியாகப் பேசுகிறேன் என்றார்.

நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்று மாலை லொரீகா பேருந்தில் நூரிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு எழுதினது அது?"

"நான்தான்."

"அவ என்ன சொன்னா?"

"எத்தனை பிரசவம்னு கேட்டேன். ரெண்டுன்னா. எத்தனை உயிரோடன்னு கேட்டேன். ரெண்டும்னா."

"எப்படிச் சொன்னா?"

"எப்படின்னா? சொன்னா. நான் அடுத்த கேள்விக்குப் போனேன். மருந்து எதுவும் ஒத்துக்காதான்னு."

"நீங்க அதை யார்கிட்டயும்..."

"இல்ல."

பேருந்து ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. நான் எதையும் ஆற்றிச் சொல்லவில்லை. எனக்கு அது வராது.

சனிக்கிழமை டாக்டர் ஹைரோவைத் தனியாகக் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினார். அவன் நேரே கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"நல்ல முன்னேற்றம் சித்தி" என்றான். "அடுத்த வாரம் வீட்டுக்கே அனுப்பலாம்னு சொல்றாங்க. நீங்க போய் ரூமைத் தயார் பண்ணுங்க. நான் இங்க இருக்கேன்."

நூரிஸ் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் அவனைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனேன்.

"என்ன சொன்னாங்க?"

"அதேதான் மாபெலம்மா. அதே நிலைதான்."

"டாக்டர் சொல்றதை நீ நல்லாவே கத்துக்கிட்டே. அவகிட்ட உண்மையைச் சொல்லு."

"சித்திக்கு பிரஷர் இருக்கு. இங்கயே விழுந்தா நான் என்ன பண்ணுவேன்? ஒரே நேரத்துல ரெண்டு பேரை என்னால தூக்க முடியாது. கடைசி நேரத்துல சொல்லிக்கலாம்."

எங்கள் கடற்கரையில் இதற்கு அன்பு என்று பெயர். கெட்ட சேதியைப் பெண்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுப்பார்கள். நோயாளிக்குக் கொடுக்கவே மாட்டார்கள். புற்றுநோயை வாயு என்று சொல்லிப் புதைத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஹைரோ சிலேயில் பன்னிரண்டு வருடம் இருந்தும் இதை மறக்கவில்லை.

நூரிஸிடம் நானே சொன்னேன். "எனக்கு அவன் சொல்றது நம்பிக்கையா இல்ல. கை அப்படித் திருகினா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

"நீங்க உள்ள போனீங்களா?"

"இல்ல."

"பேப்பரைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"டாக்டர் பெத்த பிள்ளைகிட்ட சொல்லியிருக்காங்க. அவன் எங்கிட்ட சொல்றான். நீங்க வெளிய உக்காந்துக்கிட்டு குறி சொல்றீங்க."

அவள் சொன்னது சரிதான். எனக்குத் தெரிந்தது பாதி ஊகம். ஊகத்தை வைத்து ஒருத்தியைப் பிடித்து நிறுத்த முடியாது.

அவள் ஊருக்கு வந்து ஓதிலியாவின் அறையைக் காலி செய்தாள். தையல் மிஷினை முன்கூடத்துக்கு நகர்த்தினாள். என்னிடமிருந்த கைப்பிடி சுற்றித் தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலை நான்கு பேர் தூக்கி வந்து போட்டார்கள். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது, குழாய் வழியாக எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். தலையணையை வைத்துப் பழகினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும் என்றதும் சுவரில் நேரம் எழுதி ஒட்டினாள். தலையணையை என் கண் முன்னாலேயே பதினோரு தடவை புரட்டியிருப்பாள். இது தேவைப்படாது என்று எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகப் புரட்டினால் தோள் கழன்றுவிடும் என்று திருத்தக்கூடச் செய்தேன்.

ஈரம் ஏறிய சுவர் நோயாளிக்கு ஆகாது என்று நான் சொன்னதால் திங்கட்கிழமை பெயிண்ட் வாங்கி வந்தாள். செவ்வாயன்று ஜன்னல் பக்கச் சுவரை முடித்துக்கொண்டிருந்தபோது, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஹைரோ போன் செய்தான். அம்மா காலை பத்தே முக்காலுக்குப் போய்விட்டார்கள். எல்லாக் காகிதமும் முடித்துவிட்டேன், சவப்பெட்டியும் பார்த்தாயிற்று, குளிப்பாட்டி உடுத்தியாயிற்று, வண்டி கிளம்பிவிட்டது, நீங்கள் எதற்கும் அலையவேண்டாம் சித்தி.

அவள் தூரிகையைத் தண்ணீரில் கழுவினாள். தண்ணீரில் போகாத பெயிண்ட் அது. ரொம்ப நேரம் கழுவினாள்.

சாவு வீட்டில் முதல் நாற்காலி மகனுக்கு. தங்கைக்கு இரண்டாவது. வந்தவர்கள் அவன் கையைப் பிடித்து அதிக நேரமும் அவள் கையைப் பிடித்துக் குறைந்த நேரமும் நின்றார்கள். தெரிந்த கிழவிகள் சிலர் அவளிடம் வந்ததும் ஏதோ சொல்லப் போவதுபோல் நின்று, பிறகு காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒன்பது நாள் செபத்தின் கடைசி மாலையில் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை எல்லாம் வாசிப்பது வழக்கம். செபம் சொல்கிறவள் எவுபேமியா, எண்பத்திரண்டு வயது, பெத்ரோனாவோடு நெல் குத்தியவள். பெத்ரோனா, அவள் புருஷன், செபஸ்தியான் என்று பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஹைரோ அவள் பக்கத்தில் குனிந்தான்.

"எவுபேமியாம்மா, என் அக்காவையும் சேத்துக்குங்க. சின்ன வயசுல இறந்துபோன குழந்தை."

கிழவி கண்ணாடியைக் கழற்றினாள். "எந்தக் குழந்தை?"

"எனக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒண்ணு பிறந்துச்சாம். சித்திக்குத் தெரியும். யாருமே அதுக்கு வேண்டிக்கிட்டதில்ல, பாவம்."

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஹைரோவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி விசிறியை வேகமாக விசிறினாள். இன்னொருத்திக்கு இருமல் வந்தது.

"பேரில்லாததை நான் எப்படிக் கூப்பிடறது?" என்றாள் எவுபேமியா. "ஆண்டவர் யாருன்னு தேடுவார்? செத்தவங்க பேரைத்தான் வாசிப்பேன் தம்பி. வேற யாரையும் வாசிச்சா அது பாவம். என் வயசுக்கு இருக்கற பாவமே போதும்."

"அது செத்ததுதாம்மா."

கிழவி நூரிஸைப் பார்த்தாள், கோபமாக. உண்மையை இங்கேயே இழுத்து வெளியே போடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"வாசிங்க" என்றாள் நூரிஸ். "பேரில்லாம வாசிங்க. பையன் கேக்கறான்ல."

"உனக்கு வேற வேலையில்லையாடி?"

"வாசிங்கம்மா. கஞ்சி ஆறுது."

எவுபேமியா வாசித்தாள். ஓதிலியாவின் பெயர் தெரியாத மகளுக்கு, ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். முடிவில்லாத ஒளி அவள்மேல் ஒளிர்வதாக என்று நாங்கள் சேர்ந்து பதில் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டோம். ஹைரோவும் நூரிஸும் மட்டும் சொன்னார்கள். அவள் குரல் தெளிவாக இருந்தது.

மறுநாள் அவன் கிளம்பும்போது ஆஸ்பத்திரி கொடுத்த பெரிய உறையை அவளிடம் கொடுத்தான். "முழுக் கோப்பும் வாங்கிட்டேன் சித்தி, ஏதாவது தேவைப்படும்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே வெச்சுக்குங்க."

அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். காலை ஒன்பது மணி. அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை.

"முதல் பக்கத்துலேர்ந்து படிங்க" என்றாள். "எதையும் தாண்டாதீங்க."

நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மேஜையில் பரப்பிக்கொண்டு படித்தேன். மருந்தின் பெயர், அளவு, நேரம், ரத்த அழுத்தம், சிறுநீர் எவ்வளவு. புரியாததற்கு நிறுத்தி விளக்கினேன். பிரசவம் இரண்டு, உயிரோடு இரண்டு, பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தில் 'ஒன்று இறந்ததாகக் குடும்பத்தார் கூறுகின்றனர்.' அதையும் அதே குரலில்தான் படித்தேன். ஐந்தாம் நாளுக்கு வந்தோம். 'மூளைத் தண்டு பாதிப்பு. மீள வாய்ப்பில்லை என்று மகனிடம் விளக்கப்பட்டது. நோயாளியின் தங்கைக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டார்.'

அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் மகள்னு சொல்லியிருந்தா எனக்கும் சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். அந்த டாக்டர் சொல்லியிருப்பா. அதுக்குத்தான் கேட்டா."

"நான் அங்கயே இருந்திருப்பேன்."

"இருந்திருப்பே."

"ம். படிங்க."

கடைசிப் பக்கம்வரை படித்தேன். பிற்பகல் ஆகிவிட்டது. காகிதங்களை வரிசையாக அடுக்கினேன். என்னிடம் வருகிற எல்லாக் குடும்பமும் கடைசியில் இரண்டு கேள்விதான் கேட்கும். முதலில் அவள் வலி இருந்ததா என்று கேட்டாள்.

"முதல் நாள் இருந்திருக்கும். தலையில, கடுமையா. மயக்க மருந்து ஏத்தினப்புறம் இல்ல."

"நான் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேனே. அது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், நானே எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். கோப்பைத் திருப்பி, கண்மணி குறித்த பக்கங்களை ஒருமுறை பார்த்தேன்.

"வியாழன் வரைக்கும் தெரிஞ்சிருக்கலாம். மருந்துக்கு நடுவுல லேசா. வெள்ளிக்கிழமை தெரியாது. அதுக்கப்புறம் யார் பிடிச்சதும் தெரியாது."

அவள் விரலை மடக்கினாள். வியாழக்கிழமை உள்ளே போனவன் ஹைரோ.

"அப்ப ரெண்டு நாள்" என்றாள்.

"ஆமா" என்றேன். "ரெண்டு நாள்."